நோய்ப் படுக்கையருகே தன்வரலாறும் பயண நூலும்

பக்கவாத நோயாளிகள் தங்கியிருக்கும் பிரிவில் காலைச் சுற்று முடிந்து மருத்துவர்களும் செவிலியர்களும் அகன்றபின் ஒரு நீண்ட பொழுது தொடங்குகிறது. அடுத்த மருந்துக்குச் சில மணி நேரம் இருக்கும். இயன்முறை சிகிச்சையாளர் பிற்பகலில்தான் வருவார். உடனிருப்பவரின் பையில் ஃபிளாஸ்க், துண்டு, ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறை, கைப்பேசியின் சார்ஜர் ஆகியவை தவறாமல் இருக்கின்றன; புத்தகம் இருப்பது அரிது. கைப்பேசியில் பெரும்பாலும் தேடப்படுவது நோயின் பெயரே. மறுநாள் காலை எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளைக் கொண்டே முந்தைய இரவு என்ன படிக்கப்பட்டது என்பதை நாங்கள் அறிந்துகொள்வதுண்டு.

அந்தப் பொழுதுக்கென இருவகை நூல்களை எங்கள் நரம்பியல் பிரிவில் சில ஆண்டுகளாகப் பரிந்துரைத்து வருகிறோம். ஒன்று, மனிதர்கள் தம் வாழ்வைத் தாமே எழுதிய தன்வரலாறு. மற்றொன்று, பயண நூல். நாவலை நாங்கள் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் மூளை நோயிலிருந்து மீண்டு வருபவருக்குக் கவனம் விரைவில் சோர்ந்துவிடும். இருபது பாத்திரங்களின் பெயரையும் உறவையும் நினைவில் தாங்கிச் செல்வது அவருக்குப் பெருஞ்சுமை. தன்வரலாற்றிலோ பாத்திரம் பெரும்பாலும் ஒருவரே, அவரே பேசுகிறார். பயண நூலை எந்தப் பக்கத்தில் திறந்தாலும் ஆசிரியர் ஏதோ ஓர் ஊருக்குப் போய்க்கொண்டிருப்பார். நாமும் அங்கே ஏறிக்கொள்ளலாம், களைத்ததும் இறங்கிக்கொள்ளலாம்.

வாசிப்பு நோயைக் குணப்படுத்தும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இரத்த அழுத்த மாத்திரையின் வேலையை எந்தப் புத்தகமும் செய்யாது. இன்பத்துக்காக வாசிப்பது முதற்பயன், அதுவே போதுமானது. அதற்கு மேல் ஒரு பயனும் உண்டு என்பதைத்தான் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

படுக்கையை விட்டு நகர இயலாதவருக்குப் பயண நூல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் விடை, 1794ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு சிறு பிரெஞ்சு நூல். அதை எழுதிய சவியே த மேஸ்த்ரு ஒரு படை அதிகாரி. வாள் சண்டை ஒன்றில் ஈடுபட்டதற்காக இத்தாலியின் தூரின் நகரில் 42 நாள்கள் அறையை விட்டு வெளியேறக் கூடாதென்று தண்டனை பெற்றார். அந்த நாள்களில் தம் அறையையே ஒரு நாடாகக் கருதி அதில் பயணம் செய்து, 42 இயல்களில் பயண நூல் எழுதினார். சுற்றளவு முப்பத்தாறு அடி நடை கொண்ட அறை. அதில் ஒரு கட்டில், ஒரு சாய்வு நாற்காலி, சுவரில் சில ஓவியங்கள், ஒரு நாய், ஒரு பணியாள். நாற்காலியிலிருந்து கட்டிலுக்குச் செல்வதே ஒரு நெடும்பயணமாக விரிகிறது. விளையாட்டாக எழுதப்பட்ட நூல்தான். எனினும் ஒரே கூரையை ஒரு மாதம் பார்த்துக் கிடந்தவர்கள், அதில் விளையாட்டைக் காட்டிலும் கூடுதலாக ஏதோ இருப்பதை உடனே உணர்ந்துகொள்கிறார்கள்.

இனி, நாங்கள் மருத்துவர்களாக இருந்தும் ஒரு தன்வரலாற்று நூலிடம் பாடம் கற்ற கதைக்கு வருகிறோம்.

ஆலிவர் சாக்ஸ் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர். 1974இல் நார்வே நாட்டின் மலையொன்றில் தனியே ஏறிக்கொண்டிருந்தார். காளை இருப்பதாக எச்சரிக்கும் பலகையைக் கண்டும் அதை வேடிக்கையென நினைத்துக் கடந்து சென்றார். மேலே உண்மையாகவே ஒரு பெரிய காளை பாதையில் படுத்திருந்தது. அஞ்சி ஓடியதில் உருண்டு விழுந்து, இடது தொடையின் முன்புறத் தசைநாண் அறுந்துபோயிற்று. கையிலிருந்த குடையைச் சட்டமாக வைத்து, மேலாடையைக் கிழித்துக் காலைக் கட்டி, உட்கார்ந்தபடியே கைகளால் உந்தி உந்திப் பல மணி நேரம் மலையிறங்கினார். இருள் சூழும் நேரத்தில் மான் வேட்டைக்கு வந்த இருவர் அவரைக் கண்டு காப்பாற்றினர். அப்போது அவருக்கு வயது 41. இதை எழுதும் எங்கள் வயதும் ஏறக்குறைய அதுவே என்பதால், அந்தப் பகுதியை வாசிக்கும்போது எங்களுக்கும் தொடை வலிப்பதுண்டு.

நூலின் உயிர்ப்பகுதி மலையில் இல்லை, மருத்துவமனையில் இருக்கிறது. லண்டனில் நடந்த அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அறுந்த தசைநாண் இணைக்கப்பட்டது. ஆனால் கட்டுப்போட்ட கால் தம்முடையது என்றே அவருக்குத் தோன்றவில்லை. யாரோ ஒருவருடைய காலைக் கொண்டுவந்து படுக்கையில் வைத்ததுபோல் இருந்தது. அதை எப்படி அசைப்பது என்ற நினைவே அவரிடம் இல்லை. சுற்றுக்கு வந்த அறுவை மருத்துவரிடம் இதைச் சொல்ல முயன்றார். குறை ஒன்றுமில்லை, தசைநாண் சேர்ந்துவிட்டது என்பதே கிடைத்த விடை. தாமே நரம்பியல் மருத்துவராக இருந்தும், படுக்கையில் கிடந்த அந்த நிலையில் அவருடைய சொல் எடுபடவில்லை. பின்னர் இரஷ்ய நரம்பியல் அறிஞர் அலெக்சாண்டர் லூரியாவுக்கு எழுதினார். லூரியா அதைப் பொருட்படுத்தி விடையெழுதினார். பிற நோயாளிகளை விசாரித்தபோது, இத்தகைய அனுபவம் பலருக்கு நேர்ந்திருந்தும் அவர்கள் அதை வெளியே சொல்லாமல் இருந்தது தெரியவந்தது. இவையெல்லாம் 1984இல் நூலாக வெளிவந்தன.

மூளை நம் உடலின் வரைபடம் ஒன்றை ஓயாமல் வைத்திருக்கிறது. ஓர் உறுப்பிலிருந்து செய்தி வருவது தடைப்பட்டாலோ, அந்த வரைபடத்தைக் காக்கும் மூளைப் பகுதியே பாதிக்கப்பட்டாலோ, உறுப்பு கண்ணெதிரே இருந்தும் தன்னுடையதாகத் தோன்றாது. மூளையின் வலப்பகுதியில் பக்கவாதம் வந்தவர்களிடம் இடக்கை இவ்வாறு அந்நியமாகிவிடுவதை நாங்கள் காண்கிறோம். இதைப் பாடநூலில் படித்திருந்தோம். ஆனால் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதில்லை. கை தூக்குங்கள், விரலை மடக்குங்கள் என்பதோடு எங்கள் சோதனை முடிந்துவிடும்.

ஒரு முறை, வயது முதிர்ந்த அம்மையார் ஒருவரின் மகள், தாயார் ஓய்வெடுக்கும் நேரம் பார்த்து எங்கள் அறைக்கு வந்தார். சுற்றின்போது எவ்வளவோ கேட்டும் பேசாதவர் அவர். நாங்கள் கொடுத்திருந்த சாக்ஸின் நூலை இரவில் வாசித்திருக்கிறார். காலைத் தம்முடையதல்ல என்று அந்த மருத்துவர் நினைத்த பக்கம் வந்ததும் நெடுநேரம் உறங்கவில்லையாம். “அம்மா தன் இடக்கையைக் காட்டி, இதைப் பக்கத்துக் கட்டில்காரியிடம் கொடுத்துவிடு என்கிறாள், டாக்டர். நாலு நாளாக. புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து நான் யாரிடமும் சொல்லவில்லை” என்றார். அவர் சொன்ன அந்த ஒரு செய்தியால் சிகிச்சையில் பல மாறின. கட்டிலை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது, உணவுத் தட்டை எங்கே வைப்பது, அம்மையாரின் இடக்கை கட்டிலின் கம்பியில் சிக்காமல் எப்படிக் காப்பது என்பவற்றையெல்லாம் புதிதாகத் திட்டமிட்டோம். நான்கு நாள்களை இழந்திருந்தோம். அந்தக் கேள்வியை நாங்கள் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

தன்வரலாற்று நூலால் கிடைக்கும் பயன்களில் இதையே நாங்கள் முதன்மையாகக் கருதுகிறோம். நமக்கு மட்டும் நேர்ந்த விபரீதம் என்று மறைத்துவைத்த ஒன்றை, வேறொருவர் வெளிப்படையாக எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். அவர் பயன்படுத்திய சொற்களை இரவல் வாங்கி மருத்துவரிடம் பேசிவிடலாம். ஆகவே வாசிக்கும்போது ஒரு பென்சிலை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இதுபோல் எனக்கும் இருக்கிறது என்று தோன்றும் இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு போதும். மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறந்து எங்களிடம் காட்டுங்கள். எங்களுக்கு நேரமில்லை என்று எண்ணித் தயங்க வேண்டா.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை எங்கள் தவற்றிலிருந்தே சொல்கிறோம்.

பிரான்சில் ஓர் இதழாசிரியராக இருந்தவர் ழான் தொமினிக் போபி. 1995 டிசம்பரில், தம் 43ஆம் வயதில், அவருடைய மூளைத்தண்டில் பக்கவாதம் ஏற்பட்டது. நினைவு மீண்டபோது உடல் முழுவதும் அசைவற்றுப் போயிருந்தது. பேச்சில்லை, விழுங்க இயலவில்லை. அறிவும் நினைவும் சிறிதும் குன்றவில்லை. இடது கண்ணின் இமை மட்டும் அவர் சொன்னபடி கேட்டது. உதவியாளர் எழுத்துகளை ஒவ்வொன்றாக உச்சரிக்க, வேண்டிய எழுத்து வந்ததும் அவர் இமைப்பார். இவ்வாறு எழுத்தெழுத்தாக ஒரு முழு நூலை எழுதுவித்தார். 1997 மார்ச்சில் நூல் வெளிவந்த சில நாள்களில் மறைந்தார். குழாய் வழியே உணவு செலுத்தப்பட்டுக் கிடந்தவர், நினைவிலேயே சமைத்து நினைவிலேயே உண்டு மகிழ்வதை எழுதியிருக்கிறார். தம் இரக்கத்துக்குரிய நிலையைக் காட்டிலும், தம்மைக் காண வருவோரின் தடுமாற்றத்தை அவர் நுட்பமாகவும் குறும்பாகவும் கவனிக்கிறார். நாங்கள் மிகவும் போற்றும் நூல் அது.

அந்த ஆர்வத்தில், வலக்கையும் வலக்காலும் தளர்ந்திருந்த ஒரு பள்ளி ஆசிரியருக்குச் சேர்க்கப்பட்ட ஐந்தாம் நாளே அந்த நூலைக் கொடுத்தோம். வாசிப்பவர், ஊக்கம் பெறுவார் என்று நினைத்தோம். அவரோ அதைத் தம் வருங்காலமாக வாசித்தார். இரண்டு நாள்கள் இயன்முறை சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை, உணவையும் குறைத்துக்கொண்டார். கேட்டதற்கு, “கடைசியில் இமைதானே மிஞ்சப்போகிறது?” என்றார். அவருக்கு வந்தது பெருமூளையின் இடப்பக்கத்தில் சிறிய அடைப்பு. போபிக்கு வந்தது மூளைத்தண்டில். இரண்டும் ஒரே பெயரால் அழைக்கப்படும் வெவ்வேறு நிகழ்வுகள். போபிக்கு நேர்ந்தது மிக அரிதானது. ஸ்கேன் படத்தை அவர் கையில் கொடுத்து, இடத்தைத் தொட்டுக் காட்டி விளக்கிய பின்னரே அவர் தெளிந்தார். விளக்கத்தை முதலிலும் நூலைப் பின்னரும் கொடுத்திருக்க வேண்டும்.

அது முதல் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறோம். நோயைப் பற்றிய தன்வரலாற்றை நோயின் முதல் வாரங்களில் நோயாளியிடம் கொடுப்பதில்லை. உடனிருப்பவர் முதலில் வாசிக்கட்டும். கொடுக்குமுன் நூலாசிரியருக்கு வந்த நோய் எது, அது எந்த ஆண்டு, அன்று கிடைத்த சிகிச்சை எது, இன்று கிடைப்பது எது என்பவற்றை எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எழுதியவர் உண்மையையே எழுதியிருந்தாலும் அது அவருடைய உண்மை. மேலும், தன்வரலாறு எழுதுமளவுக்கு எல்லோருக்கும் வாழ்வு விரிவதில்லை. எழுதியவர்கள் எல்லா நோயாளிகளுக்கும் எடுத்துக்காட்டு ஆகமாட்டார்கள்.

போபியின் இமைமுறை பற்றிக் கேட்பவர்களுக்காக ஓர் இடைக்குறிப்பு. பிரெஞ்சு மொழிக்கு 26 எழுத்துகள். அவற்றை அடிக்கடி வரும் வரிசையில் அடுக்கிக்கொண்டார்கள். நமக்கோ 247. முழுவதையும் சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு சொல்லுக்குள் பொழுது போய்விடும். ஆனால் தமிழ் எழுத்தின் அமைப்பே இங்குக் கைகொடுக்கிறது. முதலில் பதினெட்டு மெய்களைச் சொல்லி, இமைத்த இடத்தில் நிறுத்தி, பின்னர் பன்னிரண்டு உயிர்களைச் சொன்னால் எழுத்து கிடைத்துவிடும். உயிரெழுத்தே வேண்டுமெனில் அதற்கு ஒரு தனிக் குறி வைத்துக்கொள்ளலாம். பேச இயலாதவர்களுக்காக நாங்கள் பயன்படுத்தும் அட்டை இந்த முறையில் அமைந்ததுதான். தொடக்கப் பள்ளிச் சுவரில் தொங்கும் உயிர்மெய் அட்டவணையும் போதும்.

நோயை மையமாகக் கொள்ளாத தன்வரலாறே முதலில் வாசிக்கத் தக்கது என்பது எங்கள் கருத்து. தமிழில் எங்கள் முதல் தேர்வு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்த தொடர் அது. ஆகையால் இயல்கள் சிறியவை. ஓர் இயலைப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் வாசித்துவிடலாம். 1942இல் அவர் மறைந்தபோது 122 இயல்களோடு நின்றுபோயிற்று. தனிநூலாக வெளிவந்தது 1950இல். இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். எண்பத்தைந்து வயதில் அமர்ந்து பதினைந்து வயதின் நிகழ்ச்சிகளை எழுதுகிறார். யார் வீட்டில் என்ன உண்டார் என்பது வரை வருகிறது. அத்தனையும் அப்படியே நடந்திருக்குமா என்று ஐயுறுவதும் வாசிப்பின் ஒரு பகுதியே. நினைவு என்பது நாடாவில் பதிந்த ஒலி அன்று. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மூளை அதைச் சிறிது திருத்தி வைக்கிறது. நேர்மையான ஆசிரியருக்கும் இது பொருந்தும்.

அந்நூலில் உடனிருப்பவர்கள் வாசிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. 1876இல் அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நோயுற்றுக் கிடந்த இறுதி நாள்களை அவர் விவரிக்கிறார். மாணவருக்கு அப்போது வயது இருபதைத் தாண்டி இருபத்தொன்று நிறையவில்லை. ஆசிரியரின் உடல் தளர்வதைப் பார்க்கிறார். தம்மால் செய்யக்கூடியது ஏதுமில்லை என்பதும் அவருக்குத் தெரிகிறது. கடைசி இரவில், சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவ மாணவர் ஆசிரியரைத் தம்மீது சாய்த்துத் தாங்கியிருக்க, சாமிநாதையர் திருவாசகத்தை எடுத்து வாசிக்கிறார். ஒருவர் தாங்குகிறார், ஒருவர் வாசிக்கிறார். கவனிப்பு என்பதன் பெரும்பகுதி இவ்விரண்டில் அடங்கிவிடுவதை எங்கள் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் எவரும் அறிவர்.

நோயாளிக்கு வாசித்துக் காட்டுவதற்குப் பயண நூலைப்போல் ஏற்றது வேறில்லை. ஏ.கே. செட்டியாரின் எழுத்து எளிய சிறு வாக்கியங்களால் ஆனது. அடங்கிய நகைச்சுவை கொண்டது. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காகப் பல நாடுகளில் அலைந்து படச்சுருள்களைத் திரட்டி 1940இல் அதை வெளியிட்டவர் அவர். அவ்வளவு அலைந்தவர் தம்மைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறார் என்பது வியப்பு. இன்று வெளிவரும் பல பயணக் கட்டுரைகளில் ஊரைக் காட்டிலும் எழுத்தாளரின் முகமே பெரிதாகத் தெரிவதைப் பார்க்கையில் செட்டியாரிடம் திரும்பத் தோன்றுகிறது.

காவிரிக் கரையைச் சேர்ந்தவர்களுக்கு நாங்கள் கொடுப்பது சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்து எழுதி 1971இல் வெளிவந்த ‘நடந்தாய் வாழி காவேரி’. நெல் வியாபாரியாக இருந்த ஒருவர் பக்கவாதத்தால் பேச்சிழந்து எங்களிடம் வந்தார். பிறர் பேசுவது ஓரளவு புரியும். சொல் வாயில் வராது. அவருடைய மனைவி மாலைதோறும் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டினார். கணவர் கண்ணை மூடியிருப்பார். ஒரு நாள் திருவையாற்றைக் கடந்து வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். முகம் சிவக்க முயன்று தம் ஊரின் பெயரைச் சொன்னார். நூலில் அந்த ஊர் விடுபட்டுவிட்டதாம். இதை நாங்கள் அற்புதம் என்று சொல்லமாட்டோம். காலமும் பேச்சுப் பயிற்சியாளரின் பல வார உழைப்பும் அதன் பின்னே இருந்தன. ஆயினும் பழகிய நிலத்தின் பெயர்கள் பேச்சைத் தூண்டுவதற்கு நல்ல பொருள். பயிற்சி அட்டையில் உள்ள ஆப்பிளையும் குடையையும் காட்டிலும், தாம் நெல் கொள்முதல் செய்த ஊர்கள் அவருக்கு நெருக்கமானவை அல்லவா?

வாசித்துக் காட்டுபவர்கள் தேர்வு நடத்தக் கூடாது. இது என்ன ஊர், சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்கத் தொடங்கினால் நோயாளி மாணவராகிவிடுவார், நூலும் பாடமாகிவிடும். தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் சற்று இடைவெளி விடுங்கள். பத்து நிமிடம் போதும். கண் செருகினால் நிறுத்திவிடலாம்.

தாமே வாசிக்க விரும்பும் நோயாளி, இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியவில்லை என்று மூடிவைத்தால் அதை அறிவுக் குறைவென எண்ண வேண்டா. பக்கவாதத்துக்குப் பின் சிலருக்குப் பார்வைப் புலத்தின் ஒரு பாதி மறைந்துவிடும். இடப்பாதி மறைந்தவர் ஒவ்வொரு வரியின் முதற்சொற்களையும் தம்மை அறியாமலே விட்டுவிட்டு நடுவிலிருந்து வாசிப்பார். பொருள் எப்படி விளங்கும்? பக்கத்தின் இடவோரத்தில் தடித்த சிவப்புக் கோடு ஒன்று போடுங்கள். அந்தச் சிவப்பைக் கண்டபின்பே வரியைத் தொடங்க வேண்டும் என்று பழக்குங்கள். வலப்பாதி மறைந்தவருக்கு அடுத்த சொல் தெரியாமல் வாசிப்பு மெதுவாகும். அவருக்கு வரியின் கீழே ஓர் அளவுகோலை வைத்து, விரலை முன்னே நகர்த்திச் செல்வது உதவும். எழுத்தே கோடுகளாகத் தோன்றினால் அதுவும் நோயின் ஒரு விளைவே. உடனே எங்களிடம் தெரிவியுங்கள்.

உடனிருப்பவர்கள் தமக்கெனவும் வாசிக்கலாம். நோயாளி உறங்கும்போது ஜப்பானுக்கோ குடகுக்கோ போய்வருவதில் குற்றம் ஒன்றுமில்லை. பலர் அதை மறைவாகச் செய்கிறார்கள். நாங்கள் வந்தால் நூலைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள்.

செவிலியர் மேசையை அடுத்த அலமாரியில் மேலே குறிப்பிட்ட நூல்களும் வேறு சிலவும் இருக்கின்றன. பெயரும் கட்டில் எண்ணும் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். வீடு திரும்பும்போது முடிக்காத நூலைக் கையோடு கொண்டுசென்று, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது திருப்பித் தரலாம். ‘நடந்தாய் வாழி காவேரி’யின் எங்கள் பிரதியில் பல பக்கங்களின் ஓரத்தில், நடுங்கும் இடக்கையால் பென்சிலில் எழுதப்பட்ட ஊர்ப்பெயர்களைக் காண்பீர்கள். அவற்றை அழிக்க வேண்டா.